மணலில் கருகின கிளச்: மாற்றவேண்டுமா, இன்னும் ஓடலாமா?

நீங்கள் கேட்டதை நான் விளங்கிக்கொண்ட மாதிரி முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். பழைய டீசல் ஜீப்பை மணற்காட்டில் சவுக்குத் தோப்பைத் தாண்டி மணல் மேட்டுப் பக்கம் இறக்கியிருக்கிறீர்கள், பின் சில்லு இரண்டும் புதைந்துவிட்டது, முக்கால் மணி நேரம் முன்னுக்கும் பின்னுக்கும் எடுத்துப் பார்த்ததில் கருகின மணம் வந்து, கீழே இருந்து புகையும் வந்து, கடைசியில் கிளச் பெடல் காலோடு தரைக்குப் போய்விட்டது. ஒரு மணி நேரம் கழித்துப் பெடல் தானாகவே திரும்பி வந்தது, படகு இழுக்கிற உழவு இயந்திரம் ஒன்று உங்களை வெளியே எடுத்துவிட்டது, பருத்தித்துறை வழியாக வீடு வந்து சேர்ந்தீர்கள். இப்போது வண்டி ஓடுகிறது, முதல் கியரில் எடுக்கும்போது மட்டும் நடுங்குகிறது. கராஜில் ஒருவர் திறந்து பார்க்காமலே கிளச் செட், ஃபிளைவீல் எல்லாம் மாற்றவேண்டும் என்கிறார், நண்பர் ஒருவர் ஒன்றுமே செய்யத் தேவையில்லை என்கிறார். கிளச் சூடானால் என்ன செய்வது என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் உங்களுக்குத் தெரியவேண்டியது இந்தக் கிளச்சுக்கு இன்னும் உயிர் இருக்கிறதா, அதைக் கியர்பொக்ஸ் இறக்காமல் எப்படி அறிவது என்பதுதான் என்று நினைக்கிறேன். அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் கராஜ் வேலை பழகியது தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடை இருந்த காலம். பெற்றோல் கிடையாது, கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. புதுக் கிளச் பிளேட் என்பது கனவில்கூட வராது, பழைய பிளேட்டின் தேய்ந்த லைனிங்கைக் கழற்றி, வேறு லைனிங் வெட்டி, ஆணி அடித்துப் போடுவோம். அதனால் கருகின பிளேட், நீலம் பாரித்த பிரஷர் பிளேட், வெடித்த ஃபிளைவீல் என்று கையில் எடுத்துத் தடவிப் பார்த்தது கொஞ்சநஞ்சமில்லை. எது திரும்ப ஓடும், எது ஓடாது என்பதை அந்தக் காலம் வடிவாகப் படிப்பித்தது, ஏனென்றால் வீணாக மாற்ற எங்களிடம் சாமான் இல்லை.

முதலில் சூடு எங்கிருந்து வருகிறது என்பது விளங்கவேண்டும், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும். கிளச் பிளேட் என்பது எஞ்சினோடு சுற்றுகிற ஃபிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் இறுக்கிப் பிடிக்கப்பட்ட ஒரு தட்டு. முழுதாகப் பிடித்திருக்கும்போது மூன்றும் ஒன்றாகச் சுற்றும், அப்போது உராய்வு இல்லை, சூடும் இல்லை, கொழும்பு வரைக்கும் ஓடினாலும் கிளச் சூடாகாது. பெடலில் அரைவாசிக்குக் கால் நிற்கும் அந்த வினாடிகளில் மட்டும்தான் எஞ்சின் ஒரு வேகத்திலும் பிளேட் இன்னொரு வேகத்திலும் சுற்றி நழுவும், அந்த நழுவல் முழுவதும் சூடாக மாறும். எவ்வளவு சூடு என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கிளச் வழியாக 100 நியூட்டன் மீற்றர் முறுக்கு விசை போகிறது, எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்று, சில்லு அசையவில்லை என்று வையுங்கள். அந்த நேரம் அங்கே உண்டாகும் சூடு 15 கிலோவாட்டுக்கு மேல். உடுப்புக்குப் போடுகிற 1000 வாட் அயன் பெட்டி 15ஐ ஒரு சோற்றுக் கோப்பை அளவுத் தட்டின்மேல் வைத்த மாதிரி. 20 வினாடி அப்படி நழுவினால், ஃபிளைவீலும் பிரஷர் பிளேட்டும் சேர்த்து 15 கிலோ இரும்பு என்று எடுத்தால், அந்த இரும்பு முழுவதும் சராசரியாக 45 பாகை ஏறும். உராய்கிற முகத்தில் அதைவிடப் பலமடங்கு. நீங்கள் முக்கால் மணி நேரத்தில் எத்தனை தரம் முன்னும் பின்னும் எடுத்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு தரத்துக்கும் நடுவில் அது ஆறுவதற்கு வழியே இல்லை, ஏனென்றால் எல்லாம் ஒரு மூடின கூட்டுக்குள் இருக்கிறது.

அந்த மணம் என்னவென்றால், லைனிங்கில் நாரையும் தூளையும் பிடித்து வைத்திருக்கிற பிசின் கருகுவது. சாதாரண லைனிங் 250, 300 பாகை என்று ஏறும்போது பிசின் வாயுவாக வெளியேறத் தொடங்கும், பிடி தளரும், தளர்ந்தால் இன்னும் நழுவும், நழுவினால் இன்னும் சூடேறும். ஒரு மட்டத்துக்குப் பிறகு நீங்கள் ஒன்றும் செய்யாமலே அது தன்னைத் தானே எரிக்கும். ஆனால், இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், மணம் வந்தது என்பதற்காகக் கிளச் செத்துவிட்டது என்று ஒருவரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. லைனிங்கின் மேல்முகம் ஒரு கடதாசி அளவு கருகினாலும் ஊரே மணக்கும். அந்தக் கருகின படை நிதானமாக ஓடும்போது தேய்ந்து போய், கீழே நல்ல லைனிங் வெளிப்பட்டு, பிறகு வருடக்கணக்காக ஓடின வண்டிகள் எனக்குத் தெரியும். அதேபோல மணம் போய்விட்டதே என்று விட்டு, ஒரு கிழமையில் நடு வீதியில் நின்ற வண்டிகளும் தெரியும். மூக்கை வைத்து முடிவெடுக்கவேண்டாம், சோதித்துப் பார்த்து முடிவெடுங்கள்.

சோதனை இப்படி. எஞ்சின் நல்லாச் சூடாகும் வரைக்கும் சாதாரணமாக ஓடுங்கள், பிறகு சனநடமாட்டம் இல்லாத மட்டமான நேர் வீதிக்குப் போங்கள், கல்லுண்டாய் வெளிப் பக்கம் காலை வேளையில் சரிவரும். நாலாம் கியரில் 40 கிலோமீற்றர் அளவில் போகும்போது அக்சிலரேற்றரை ஒரேயடியாகத் தரை வரைக்கும் மிதியுங்கள். வண்டி மெதுவாக, எஞ்சினோடு சேர்ந்தே வேகம் எடுத்தால் கிளச் பிடிக்கிறது. எஞ்சின் சத்தம் மட்டும் விருட்டென்று ஏறி, வண்டி பின்தங்கி, பிறகு மெதுவாக வந்து சேர்ந்தால் நழுவுகிறது. பழைய ஜீப்பில் சுற்றுமானி இல்லாவிட்டாலும் காதுக்கே விளங்கும். இதை இரண்டு தரத்துக்கு மேல் செய்யவேண்டாம், நழுவுகிற கிளச்சை இது மேலும் சூடாக்கும். ஹான்ட்பிறேக்கை இழுத்துவிட்டு மூன்றாம் கியரில் கிளச்சை விட்டு எஞ்சின் நிற்கிறதா என்று பார்க்கிற பழைய முறையும் இருக்கிறது, உங்கள் நிலைமையில் அதை நான் விரும்பமாட்டேன், ஏற்கனவே வெந்த பிளேட்டுக்கு அது இன்னொரு சூடு. நழுவுகிறது என்று கண்டால் பெடலின் ஃப்ரீ பிளே, அதாவது மிதிக்கத் தொடங்கும்போது பாரமில்லாமல் சும்மா போகிற இடைவெளி, இருக்கிறதா என்றும் பாருங்கள். பிளேட் மெலிந்தால் பிரஷர் பிளேட்டின் விரல்கள் வெளியே தள்ளி வந்து அந்த இடைவெளியைத் தின்னும், கேபிள் அல்லது சரிசெய்யக்கூடிய தண்டு உள்ள வண்டியில் இடைவெளியே இல்லாமல் போனால் பிளேட்டில் இன்னும் சரக்கு இருந்தாலும் நழுவும். அது ஒரு நட்டைத் திருப்பிச் சரிசெய்கிற வேலை, செட் மாற்றுகிற வேலை இல்லை.

பெடல் தரைக்குப் போனது வேறு கதை, அதைக் கிளச் பிளேட்டோடு சேர்த்துக் குழப்பவேண்டாம். உங்கள் வண்டியில் கிளச் ஒயிலால் வேலை செய்கிறது, பெடலை மிதிக்கும்போது ஒயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் மேலே, அந்தத் தள்ளலில் கிளச்சை விடுவிக்கிற ஸ்லேவ் சிலிண்டர் கியர்பொக்ஸ் பக்கம் வெளியே. அந்த ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 பாகை, ஈரம் ஏறின பிறகு 140 பாகைக்கு இறங்கலாம், டொட் 4 என்றால் 230, 155. கடற்கரைக் காற்றில் வருடக்கணக்காக மாற்றாமல் கிடந்த ஒயில் எந்தப் பக்கம் இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கொதித்தால் ஆவிக்குமிழ் உண்டாகும், குமிழ் அமுங்கும், பெடல் சும்மா போகும், ஆறினதும் குமிழ் திரும்ப ஒயிலாகி பெடல் வரும். நீங்கள் சொன்ன கதை இதற்கு அப்படியே பொருந்துகிறது. ஆனாலும் நிச்சயம் என்று எழுதமாட்டேன், ஏனென்றால் வெளியே இருக்கிற ஸ்லேவ் சிலிண்டர், கிளச்சை மூடியிருக்கிற பெல் ஹவுசிங் கூட்டின் சூட்டால் மட்டும் கொதிப்பது கொஞ்சம் கஷ்டம், பக்கத்தால் போகிற சைலன்சர் குழாயின் சூடும் சேர்ந்திருக்கவேண்டும். மாஸ்டர் சிலிண்டரின் றபர் தேய்ந்து, முக்கால் மணி நேரம் மிதித்த மிதியில் கைவிட்டிருக்கவும் இடமுண்டு. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது லேசு. வண்டி நல்லா ஆறியிருக்கும்போது பெடலை மிதித்து ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள், மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் சிலிண்டர், அசையாமல் நின்றால் அன்றைக்கு நடந்தது பெரும்பாலும் கொதிப்பு. எதுவாக இருந்தாலும் ஒயிலை முழுதாக வெளியே எடுத்து, மூடியில் எழுதியிருக்கிற அதே வகையைப் புதிதாக விட்டு, குழாய்க்குள் இருக்கிற காற்றையும் வெளியே எடுங்கள். இதைச் செய்யாமல் விடவேண்டாம், பிறேக்குக்கும் அதே வயது ஒயில்தான் இருக்கும், அதையும் சேர்த்து மாற்றினால் இன்னும் நல்லது.

அடுத்தது நடுக்கம். இதில் நான் தூரத்திலிருந்து திட்டமாகச் சொல்ல முடியாத இடம் இருக்கிறது. ஃபிளைவீல் முகத்தில் ஆங்காங்கே சூடேறி இறுகின திட்டுகள் வந்திருக்கலாம், அந்தத் திட்டும் சுற்றியுள்ள இரும்பும் ஒரே மாதிரிப் பிடிக்காது, அதனால் வண்டி எடுக்கும்போது தட்டித் தட்டி வரும். லைனிங் கண்ணாடி மாதிரி வழவழப்பாகியும் இருக்கலாம், அப்படியென்றால் சில நாளில் தேய்ந்து சரியாகும். ஆனால் முன்னும் பின்னும் ஆட்டின ஆட்டத்தில் எஞ்சின் மவுண்டிங் றபர் கிழிந்தாலும் இதே நடுக்கம்தான் வரும், அதைக் கன பேர் பார்ப்பதில்லை. பொனற்றைத் திறந்து, ஒருவர் பிறேக்கை மிதித்தபடி முதல் கியரில் கிளச்சை லேசாக விட, இன்னொருவர் பக்கத்தில் நின்று எஞ்சின் தூக்கி அடிக்கிறதா என்று பாருங்கள், ஒரே ஒரு தரம் போதும். மவுண்டிங் என்றால் செலவு சின்னது, கியர்பொக்ஸ் இறக்கவேண்டியதில்லை.

ஆக, நாலாம் கியர்ச் சோதனையில் நழுவவில்லை, பெடல் இறங்கவில்லை, கியர் கீறாமல் விழுகிறது என்றால், ஒயிலை மாற்றிவிட்டு ஒரு மாதம் பாரம் ஏற்றாமல், நிதானமாக ஓடிப் பாருங்கள், நடுக்கம் குறைந்துகொண்டு வந்தால் விட்டுவிடலாம். கூடிக்கொண்டு வந்தாலோ நழுவத் தொடங்கினாலோ இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை. இறக்கினால் அரைகுறையாகச் செய்யவேண்டாம், பிளேட், பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டின் விரல்களைத் தள்ளுகிற ரிலீஸ் பெயரிங், நடுவில் இருக்கிற சின்னப் பைலட் பெயரிங் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள், கூலிதான் பெரிய செலவு, அதை இரண்டு தரம் கொடுக்கக்கூடாது. ஃபிளைவீலை மாற்றவேண்டும் என்று திறக்க முதலே சொல்வதை நான் ஏற்கமாட்டேன். நீலத் திட்டு, மெல்லிய மயிர்க்கோடு என்றால் லேத்தில் முகம் எடுத்தால் போதும். நகத்தை வைத்து இழுக்கும்போது நகம் மாட்டுகிற வெடிப்பு என்றால் மாற்றத்தான் வேண்டும், அது சுற்றும்போது உடைந்தால் உங்கள் கால் மாட்டில்தான் இருக்கிறது. லேத்காரருக்கு ஒன்று சொல்லி விடுங்கள், பிரஷர் பிளேட் பொருந்துகிற விளிம்பும் பிளேட் உராய்கிற முகமும் வேறு வேறு மட்டத்தில் இருக்கிற ஃபிளைவீல் என்றால், ஒன்றில் எவ்வளவு எடுத்தாரோ மற்றதிலும் அவ்வளவு எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் புதுக் கிளச்சும் முதல் நாளிலிருந்தே நழுவும். எஞ்சினின் பின் ஒயில் சீல் கசிகிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும், அதனால் உள்ளே இருக்கிற தூளைக் காற்று அடித்து ஊதவிடவேண்டாம், ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். நாங்கள் அந்தக் காலத்தில் வாயாலேயே ஊதினோம், அது எவ்வளவு பிழை என்று சொல்லித்தர ஆள் இருக்கவில்லை. புதுசு போட்ட பிறகு முதல் 500 கிலோமீற்றரும் பாரம் இழுக்காமல் ஓடவேண்டும்.

இனி, அந்த இடத்தில் அந்த நேரத்தில் என்ன செய்திருக்கவேண்டும் என்பது. மணம் வந்த உடனே நிறுத்தியிருக்கவேண்டும், நீங்கள் புகை வரும் வரைக்கும் போயிருக்கிறீர்கள். நியூட்ரலில் போட்டு, ஹான்ட்பிறேக் இழுத்து, பெடலிலிருந்து காலை முழுதாக எடுத்து, எஞ்சினைச் சும்மா ஓடவிடுங்கள், சுற்றுகிற ஃபிளைவீல் உள்ளே காற்றைக் கிளப்பி ஆற்றும். அரை மணி நேரம் குறைந்தது, முக்கால் மணி என்றால் நல்லது. பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டு ஆறவிடுவது பிழை, அப்போது பிளேட்டிலிருந்து இரும்புக்குச் சூடு இறங்குகிற வழி குறைகிறது, ரிலீஸ் பெயரிங்குக்கும் கேடு. தண்ணீர் ஊற்றவே கூடாது. கூட்டுக்கு வெளியே ஊற்றுகிற தண்ணீர் சூடான இடத்துக்குப் பெரும்பாலும் போகாது, இடுக்குகளால் போய்ச் சேர்ந்தாலும் பழுக்கக் காய்ந்த வார்ப்பிரும்பு ஒரு பக்கத்தால் சட்டென்று குளிர்ந்து வெடிக்கும். வெளியே வந்து கெட்டி நிலத்தில் ஏறின பிறகு, பெரிய கியரில் மெதுவாக ஓடிக்கொண்டே இருப்பது நின்று ஆறுவதைவிட நல்லது, கிளச் முழுதாகப் பிடித்திருந்தால் சூடு கூடாது, காற்றும் படும். பெடல் வரவே வராமல் போனால் மட்டமான கெட்டி நிலத்தில் எஞ்சினை நிறுத்தி, லோவில், அதாவது ஃபோர்வீல் வண்டியின் இழுவைக்கான மெதுவான கியர் வரிசையில், முதல் கியரைப் போட்டு, சாவியைத் திருப்புங்கள், ஸ்டார்ட்டர் வண்டியையும் சேர்த்து அசைத்து எஞ்சின் பிடித்துக்கொள்ளும். முன்னால் ஆள் இல்லை என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

நீங்கள் எழுதினதில் ஒரு இடம் என்னை நிற்க வைத்தது. பின் சில்லு மட்டும் சுற்றியது என்று எழுதியிருக்கிறீர்கள். ஃபோர்வீல் நெம்பு போட்டிருந்தும் முன் சில்லு சுற்றவில்லை என்றால், முன் சில்லுகளின் நடுவில் இருந்து சில்லை அச்சோடு பூட்டுகிற ஃப்ரீ வீல் ஹப் பூட்டப்படவில்லை என்றுதான் நினைக்கிறேன். அந்தக் காலத்து ஜீப்புகளில் இறங்கிப் போய் இரண்டு பக்கமும் கையால் லொக் பக்கம் திருப்பவேண்டும், கன பேர் அதை அறியாமலே வருடக்கணக்காக வைத்திருக்கிறார்கள். உப்புக் காற்றில் இறுகிப் போயிருந்தால் கழற்றிக் கிறீஸ் போடுங்கள். அடுத்தது லோ. மணலுக்குள் இறங்க முதலே வண்டியை நிறுத்தி லோவில் போடவேண்டும், புதைந்த பிறகு இல்லை. ஹைலக்ஸில் லோ 2.57 மடங்கு அளவில், உங்களுடையதும் இதற்குக் கிட்டத்தான் இருக்கும். இரண்டரை மடங்கு என்று வையுங்கள். அப்போது அதே இழுவைக்குக் கிளச் தாங்கவேண்டிய முறுக்கு ஐந்தில் இரண்டு பங்கு, பிளேட்டும் எஞ்சினும் ஒரே வேகத்துக்கு வந்துசேர எடுக்கிற நேரமும் கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கு, இரண்டையும் பெருக்கினால் சூடு ஏறக்குறைய ஆறில் ஒன்றாகிவிடும். லோவில் இரண்டாம் கியரில் எடுங்கள், பெடலை மெல்ல மெல்ல விட்டுக்கொண்டிராமல் ஒரு வினாடிக்குள் முழுதாக விடுங்கள், எஞ்சின் நின்றால் நிற்கட்டும், எஞ்சின் நிற்பதால் ஒன்றும் கருகாது. தார் வீதிக்கு வந்ததும் ஃபோர்வீலை எடுத்துவிட மறக்கவேண்டாம்.

ரயர்க் காற்று இதெல்லாவற்றையும்விடப் பெரியது. 30 பிஎஸ்ஐக்கு மேல் வைத்திருக்கிற காற்றை 16, 18க்கு இறக்கினால் ரயர் நீளமாகப் படிந்து மணலுக்கு மேலே மிதக்கும், பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும். அப்படி இறக்கினால் கடுமையாகத் திருப்பக்கூடாது, வேகம் போகக்கூடாது, வீதிக்கு வந்ததும் திரும்ப அடிக்கவேண்டும், அதற்கு ஒரு நல்ல பம்ப் வண்டியிலேயே இருக்கட்டும். மணலில் நிறுத்தும்போது பிறேக்கை மிதிக்காமல் தானாக உருண்டு நிற்க விடுங்கள், மிதித்தால் சில்லுக்கு முன்னால் மணல் ஒரு வரம்பு மாதிரிக் குவியும், திரும்ப எடுக்கும்போது அந்த வரம்பை ஏறவேண்டியது கிளச்தான். புதைந்தால் இரண்டு தரம் மட்டும் முயற்சி செய்யுங்கள். மூன்றாவது தரம் மண்வெட்டி. சில்லுக்கு முன்னால் சாய்வாக வெட்டி, அச்சின் நடுவில் இருக்கிற டிஃபரன்ஷல் மணலில் குந்தியிருந்தால் அதற்குக் கீழேயும் வெட்டி, பனை மட்டையோ ஓலையோ பரவி, பிறகு எடுங்கள். குடத்தனையிலிருந்து சுண்டிக்குளம் வரைக்கும் அந்தக் கரையில் பனைக்குக் குறைவில்லை. படகு இழுக்கிற உழவு இயந்திரக்காரரை முக்கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டதற்குப் பதிலாக முதல் பத்து நிமிடத்தில் கூப்பிட்டிருந்தால் இந்தக் கேள்வியே வந்திராது.

நாலாம் கியரில் மிதித்துப் பார்த்தது, ஆறின பெடலை ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்தது, ஹப்பும் மவுண்டிங்கும் எப்படி இருக்கிறது, இந்த நாலையும் பார்த்துவிட்டு இதற்குக் கீழே எழுதுங்கள். கியர்பொக்ஸ் இறக்குகிறதா இல்லையா என்பதை அதை வைத்துச் சொல்கிறேன், அது வரைக்கும் கராஜ்காரருக்கு முற்பணம் கொடுக்கவேண்டாம்.